ரசமட்டம்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நடக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னவர் அம்மா இல்லை, கீழ்வீட்டு மக்சிக்.

அன்று சனிக்கிழமை காலை. பசியாற ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் மக்சிக் கதவைப் பாதி திறந்துவைத்து நின்றிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது பிறகு புரிந்தது. நலம் விசாரித்தார். பினாங்கில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, மிகவும் தயங்கி, "டிக், மெசின் பாசோ ரோசாக் கா?" என்றார். மெஷின் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். இரவு இரண்டு மணி வாக்கில் தலைக்கு மேல் யாரோ அலமாரியை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறதாம். மேசை மேல் மூடி வைத்திருந்த கண்ணாடிக் குவளை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டதாம். அவர் கணவருக்கு நெஞ்சு வலி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதையும் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டவர்போல, "தாக் அபா-லா" என்று கையை ஆட்டினார்.

பரவாயில்லை என்று சொன்னவரின் கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு சுங்கைப்பட்டாணிக்கு வருவேன், ஞாயிறு மாலை திரும்பிவிடுவேன். மற்ற ஐந்து இரவுகளில் அந்த நான்காவது மாடி வீட்டில் அம்மாவும் பாட்டியும் மட்டும்தான். பாட்டி, அப்பாவின் அம்மா. அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்கும்மா துணி துவைக்கிற?"

"பகல்ல தண்ணி நூல் மாதிரி வருது. ராத்திரிதான் நல்லா வருது."

நம்பினேன். கெடாவில் குடியிருப்பவர்கள் யாரும் நம்பக்கூடிய பதில்தான் அது.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் இருக்கவேண்டிய மெஷின் ஒரு முழம் முன்னால் வந்து, கழிவுநீர்க் குழாயை இழுத்துக்கொண்டு, கோணலாக நின்றது. அதன் ஒரு காலுக்கடியில் பழைய சிலிப்பரை வெட்டி வைத்திருந்தார் அம்மா. இன்னொரு காலுக்கடியில் மடித்த அட்டை, ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் பழைய சாமான் கடையில் வாங்கிய மெஷின். முன்பக்கம் கதவு வைத்தது, ஏழு கிலோ கொள்ளளவு, பிழியும்போது நிமிடத்துக்கு 1000 சுற்று. என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதை வாங்கிய அன்று இனி அம்மாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நான் நினைத்ததாக நினைவு. மெஷின் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது.

பழுது பார்க்கிறவரைக் கைப்பேசியில் அழைத்தேன். சத்தத்தை விவரித்தேன். நேரில் வந்து பார்க்கும் முன்பே 350 வெள்ளி ஆகும், அதற்குப் புதுசே வாங்கலாம் என்றார். அந்தக் கோபத்தில்தான் நானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

*

முதல் வாரம் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு மெஷின் ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷினை அல்ல, தரையை.

அடுக்குமாடி வீடுகளின் பின்கட்டுத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். மெஷினின் நான்கு கால்களும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்தத் தரையில் ஒரு கால் தொங்கத்தான் செய்யும். எதிரெதிர் மூலைகளில் கை வைத்து மாற்றி மாற்றி அழுத்தினால் தெரிந்துவிடும். எங்களுடையது நொண்டி நாற்காலியைப்போல் ஆடியது. இரும்புச் சாமான் கடைக்குப் போய் 12 வெள்ளிக்கு ஒரு ரசமட்டம் வாங்கினேன். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, பச்சைத் திரவத்துக்குள் ஒரு குமிழி, இரண்டு கோடுகள். அதை மெஷினின் தலையில் முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் வைத்தேன். இரண்டு வாட்டத்திலும் குமிழி ஓரத்துக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது.

சிலிப்பர் துண்டையும் அட்டையையும் எடுத்து எறிந்தேன். மெத்தென்ற எதை வைத்தாலும் மெஷின் அதன்மேல் இன்னும் அதிகமாகக் குதிக்கும். கால்கள் மரை போட்ட போல்ட்டுகள்தான். ஸ்பேனரால் திருகினால் உயரம் ஏறும், இறங்கும். குமிழி நடுவுக்கு வந்த பிறகு ஒவ்வொரு காலிலும் உள்ள நட்டை மேல்நோக்கி மெஷினின் அடித்தகட்டோடு ஒட்டும்வரை முறுக்கவேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த நட்டைத்தான். இறுக்காவிட்டால் அதிர்விலேயே கால் மெல்லத் திருகிக்கொண்டு பழைய நிலைக்குப் போய்விடும்.

பின்பக்கத்தையும் பார்த்தேன். புது மெஷின்கள் வரும்போது, வழியில் உள்ளே இருக்கும் தொட்டி ஆடிவிடக் கூடாதென்று நீளமான போல்ட்டுகளால் அதைக் கட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்ற மறந்து ஓட்டினால் மெஷின் பேயாட்டம் ஆடும். எங்களுடையதில் போல்ட்டுகள் இல்லை, பிளாஸ்டிக் மூடிகள்தான் இருந்தன. பகலில் வீட்டுத் துணியைப் போட்டு ஓட்டினோம். ஆட்டம் குறைந்திருந்தது. ஆனால் வேகம் எடுக்கும்போது இன்னும் திம்திம் என்று ஓர் அடி.

அன்று இரவு அம்மா தோளில் தைலம் தேய்த்துவிடச் சொன்னார். இரண்டு தோளும் கல்லாக இறுகிக் கிடந்தன. கேண்டீனில் பெரிய சட்டி தூக்குவதால் என்றார். அதையும் நம்பினேன்.

*

பினாங்கு அறையில் அந்த வாரம் முழுக்க வாஷிங் மெஷின் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கதை படிக்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எதை எடுத்தாலும் அதன் ஆதியைத் தேடிப் போவோம்.

1937-ல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுக்கான தானியங்கி மெஷினை வெளியிட்டது. அதுவும் முன்பக்கக் கதவு வைத்ததுதான். உள்ளே ஆட்டத்தைத் தாங்குகிற அமைப்பு எதுவும் அதில் இல்லை. அதனால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கித்தான் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அறையைச் சுற்றி வரும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். டிரம்மின் ஆரம் கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்று. ஒரு கிலோ ஈரத்துணி சமன் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், அந்த வேகத்தில் அது டிரம்மை வெளியே இழுக்கும் விசை சுமார் 280 கிலோ எடைக்குச் சமம். எங்கள் மெஷினைத் தூக்கினால் அதன் எடையே 70 கிலோவைத் தாண்டாது. இவ்வளவு விசையையும் வீட்டுக்குத் தெரியாமல் உள்ளேயே அடக்கத்தான் மூன்று ஏற்பாடுகள். தொட்டியில் கட்டிவைத்த கனமான கான்கிரீட் கட்டி. மேலிருந்து தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்குகள். கீழே மோட்டாரில் இருப்பதுபோன்ற அப்சோபர்கள்.

டிரம் வேகமெடுக்கும் வழியில் ஒரு கட்டம் வரும். ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டிக்கென்று ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. சுழலும் வேகம் அதனோடு ஒத்துப்போகிற கட்டம் அது. குலுக்கல் உச்சத்துக்குப் போவது அங்கேதான். அதைத் தாண்டிவிட்டால் முழு வேகத்தில்கூட ஓரளவு அமைதியாகிவிடும். அப்சோபரின் வேலை அந்தக் கட்டத்தை வீட்டார் உணராமல் கடக்கவைப்பது.

அடுத்த சனிக்கிழமை மின்சாரத்தைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, மெஷினைத் திறந்தேன். பின்னாலிருந்த இரண்டு திருகுகளைக் கழற்றியதும் மேல்தகடு வந்துவிட்டது. பாட்டி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கான்கிரீட் கட்டியைக் கண்டதும், "உள்ள கல்லு வச்சிருக்கானா?" என்றார்.

"ஆமா பாட்டி. ஆடாம இருக்க."

"நாங்க கல்லுல துவச்சோம். இவன் கல்ல உள்ள வச்சிட்டான்."

கான்கிரீட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. ஸ்பிரிங்குகள் அதனதன் கொக்கியில் இருந்தன. டிரம்மைக் கையால் சுற்றினேன். உறுமல் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது. பிறகு தொட்டியை இரு கையாலும் கீழே அழுத்தி விட்டேன். நல்ல மெஷின் என்றால் தொட்டி மேலே வந்து அப்படியே நின்றுவிட வேண்டும். எங்களுடையது தொட்டில் மாதிரி மூன்று நான்கு முறை ஆடி ஓய்ந்தது.

நானும் அம்மாவும் பழைய போர்வையைத் தரையில் விரித்து மெஷினைச் சாய்த்தோம். அடியில் இரண்டு அப்சோபர்கள். ஒன்றின் பசை வெளியே கசிந்து கறுப்பாக வழிந்திருந்தது. கழற்றிக் கையில் இழுத்தால் ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி தடையில்லாமல் போய் வந்தது. மற்றதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

டவுனில் உதிரிச் சாமான் விற்கும் சீன அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்து, "இனி சுடா மாத்தி லா" என்றார். செத்துப்போய்விட்டதாம். அதன் உடம்பில் எத்தனை நியூட்டன் தாங்கும் என்று ஒரு எண் அச்சடித்திருந்தது. அதே எண்ணில்தான் வாங்கவேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும் என்று சொன்னார். ஜோடி 60 வெள்ளி. கையில் சரக்கு இல்லை, வெள்ளிக்கிழமை வரும்.

பணம் கொடுக்கும்போது கேட்டார். "ஒரே ஒரு கனமான துணியை மட்டும் போட்டு அடிக்கடி சுத்துவீங்களா? போர்வை, கம்பளம் மாதிரி?"

"இல்லையே அங்கிள்."

"அப்படிச் செஞ்சாதான் இவ்வளவு சீக்கிரம் சாகும்."

மெஷினை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு நான் பினாங்குக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஒரு வாரத்தை அம்மா எப்படிச் சமாளித்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.

*

மூன்றாவது சனிக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. தொட்டியை அழுத்தி விட்டேன். மேலே வந்து நின்றது, ஆடவில்லை. துணியில்லாமல் ஓட்டினேன். என் ஒரு வாரத்துத் துணியைப் போட்டு ஓட்டினேன். தலையில் வைத்த ரசமட்டத்தின் குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே லேசாக நடுங்கியதே தவிர வெளியே போகவில்லை. நான் ஏதோ விமானத்தைப் பறக்கவைத்தவள் மாதிரி படியிறங்கிப் போய் மக்சிக்கிடம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா மெஷினைத் தடவிப் பார்த்தார்.

"சரியா போச்சா பிள்ள?"

"சரியா போச்சும்மா. இனி ஆடாது."

அன்றிரவு இரண்டு மணிக்கு அது ஆடியது.

கூடத்தில் படுத்திருந்த எனக்கு முதலில் கனவுபோல்தான் இருந்தது. திம், திம், திம். எழுந்து போனேன். பின்கட்டில் விளக்குப் போடவில்லை. மெஷினின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மா தெரிந்தார். மெஷினின் மேல் மார்பைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் அதன் இரு பக்கத்தையும் அணைத்து, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, முழுப் பலத்தோடு அதை அமுக்கிப் பிடித்திருந்தார். மெஷின் குலுங்கும்போதெல்லாம் அவரும் குலுங்கினார். கன்னம் தகட்டில் அழுந்தியிருந்தது.

என்னைக் கண்டதும் திருடியதுபோல் நிமிர்ந்தார்.

"நீதான சரியா போச்சுன்னு சொன்ன" என்றார்.

நான் சுற்றுவதை நிறுத்தினேன். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு போர்வை, ஈரத்தில் பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் கிடந்தது. பாட்டியின் தடித்த பருத்திப் போர்வை.

"ஒன்னே ஒன்னு போட்டா எந்த மெஷினும் ஆடத்தாம்மா செய்யும். கூட நாலு துணி போட்டா என்ன?"

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதோட எதப் புள்ள போடறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாடை தெரிந்தது. டெட்டாலும், அதையும் மீறிய மூத்திர நெடியும். பக்கத்தில் ஒரு வாளி. அதில் இன்னொரு விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது.

ஐந்து மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. சில இரவுகளில் ஒரு முறை, சில இரவுகளில் இரண்டு முறை. போன தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வந்த பெரியப்பா, கூடத்தில் உட்கார்ந்து, "இன்னும் முடியாம போனா ஒரு நல்ல ஹோமா பாத்து விட்டுடலாம். எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லியிருக்கிறார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் உள்ளறையில் பாட்டி தூங்கவில்லை. முதல் முறை படுக்கை நனைந்த இரவு, பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியவனுக்குத் தெரியக் கூடாது, யாருக்குமே தெரியக் கூடாது என்றாராம்.

"கல்யாணமாயி முப்பது வருசத்துல அவுங்க என் கையப் புடிச்சது அன்னைக்குத்தான்" என்றார் அம்மா.

"பெம்பர்ஸ் வாங்கலாம்ல?"

"வாங்கிட்டு வந்தேன். நான் என்ன சின்னப் புள்ளயான்னு அழுதாங்க. திருப்பிக் கட்டாயப்படுத்தல."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல."

"உனக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. அதான் நீ இருக்கற ரெண்டு நாளும் போடறதில்ல. ஊற வச்சு கையாலதான் அலசுவேன். இன்னைக்குத்தான், நீ சொன்ன நம்பிக்கையில..."

இவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பாட்டி சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவுக்குத் துணி துவைத்தவர். பால்வெட்டை விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போனதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளை விரிப்பில் ஒரு பொட்டு கறை இருந்தாலும் துரையம்மா திருப்பி அனுப்பிவிடுவாராம். அந்தக் கண்ணோடுதான் அவர் மருமகளையும் பார்த்தார். கல்யாணமான புதிதில் லயத்துப் பீலியடியில் பெரிய விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து முறுக்கும்போது, அம்மா முறுக்குவதில் பலம் பத்தாது என்று எல்லார் முன்னாலும் திட்டுவாராம். அம்மா இந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி இல்லை. நான் படித்த தோட்டத்துக் கதைகளில் பீலி வரும். பீலியடியில் சண்டை வரும், காதல் வரும். விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நிற்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

*

ஸ்வீடன் நாட்டு மருத்துவரும் புள்ளியியல் அறிஞருமான ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் வாஷிங் மெஷின் பற்றி ஓர் உரை ஆற்றினார். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது வீட்டுக்கு முதல் மெஷின் வருகிறது. வாழ்நாளெல்லாம் கையால் துவைத்த பாட்டியை அழைக்கிறார்கள். பொத்தானை நானே அமுக்குவேன் என்று கேட்டு வாங்கி அமுக்கிய பாட்டி, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மெஷின் துவைக்கும் நேரத்தில் அம்மா மகனை நூலகத்துக்குக் கூட்டிப் போகிறார். மெஷினுக்குள் துணியைப் போட்டால் புத்தகம் வெளியே வருகிறது என்று முடிப்பார். கல்லூரியில் அதைப் பார்த்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். முதல் சம்பளத்தில் மெஷின் வாங்கியதற்கு அந்த உரையும் ஒரு காரணம்.

அதற்கு நேர்மாறான ஒரு நூலும் உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதியது. வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த பங்கைத்தான் எடுத்துக்கொண்டன, அம்மாவின் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை, சுத்தத்தின் அளவுகோல்தான் உயர்ந்தது என்பது அவர் வாதம். நூலின் தலைப்பே அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை என்பதுதான்.

எங்கள் பின்கட்டில் இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். மெஷினால்தான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன் என்று சொல்லமாட்டேன், அதற்கு முன்பே அம்மா கையால் துவைத்து என்னைப் படிக்கவைத்துவிட்டார். ஆனால் நான் பினாங்கில் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளுக்கு அந்த மெஷின் ஒரு காரணம். என் நிம்மதியின் விலையாக, பெண்டிக்ஸ்காரன் தரையில் அடித்த போல்ட் மாதிரி, ஒருத்தர் இரவு இரண்டு மணிக்கு அதன்மேல் படுத்திருந்தார். பழுது எங்கே என்று மூன்று வாரமாகத் தேடினேன். தரையைப் பார்த்தேன், கால்களைப் பார்த்தேன், கல்லையும் ஸ்பிரிங்கையும் பார்த்தேன். கதவைத் திறந்து என்ன துவைக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

*

என் பையில் இரண்டு தடித்த துண்டுகள் இருந்தன. எடுத்து வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் முகம் தொடைக்கற துண்டு புள்ள."

"துவைக்கத்தானம்மா போறோம்."

"வேணாம். பழைய துணி ஏதாச்சும் தேடறேன்."

"பழசு எல்லாம் லேசா இருக்கும். போர்வை குடிக்கற அளவுக்குத் தண்ணி குடிக்கற துணியா இருக்கணும். அப்பதான் எதிர்ப்பக்கம் கனம் நிக்கும்."

காரணம் அதுதான், அது மட்டும் இல்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். கையை விட்டுவிட்டார். போர்வையை உதறி, இரண்டு துண்டுகளையும் வாளியில் இருந்த விரிப்பையும் சேர்த்து டிரம்மைச் சுற்றிப் பரவலாக வைத்தேன். 60 டிகிரி சுடுதண்ணீரில் மறுபடி போட்டேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோஸ்லிங்கின் பாட்டி ஞாபகம் வந்தது.

பிழியும் நேரம் வந்தபோது அம்மா பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். மெஷின் முதலில் மெல்லச் சுற்றித் துணியைப் பரப்பிப் பார்த்தது. நிறுத்தியது. மறுபடி சுற்றியது. பிறகு வேகமெடுத்தது. அந்தக் கட்டம் வந்தது, ஒரு குலுங்கல், கடந்தது. அப்புறம் சீரான ஒரு ரீங்காரம்தான். அம்மா மெஷினின் மேல் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். அமுக்கவில்லை.

காலையில் பாட்டி நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் கொடியைப் பார்த்தார். அவருடைய போர்வைக்குப் பக்கத்தில் என் துண்டுகள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீரைக் கையில் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"துண்ட ஒதறாம போட்டிருக்க" என்றார். "ஒதறிப் போடு. சுருங்கிப் போவும்."

எழுந்து போய் உதறிப் போட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த மாதம் மெத்தைக்கு ரப்பர் உறை ஒன்று வாங்கி வந்தேன், யாருக்கு என்று சொல்லாமல் அறையில் வைத்தேன். சில வாரம் கழித்து, தானாகவே, பெம்பர்ஸை எடுத்துவரச் சொன்னாராம். துவைப்பது இரவிலிருந்து பகலுக்கு மாறியது. தண்ணீர் பகலிலும் நன்றாகத்தான் வந்தது.

பாட்டி இறந்து இப்போது எட்டு மாதம். வீட்டில்தான், அவர் படுக்கையில்தான். காரியத்துக்கு வந்த பெரியப்பா அழுதார். "கடைசி வரைக்கும் அம்மா சுத்தமா இருந்துட்டு போயிட்டாங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "அவுங்க பேரு போடாத" என்றார். போடவில்லை.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு மக்சிக் ஒரு தூக்குச்சட்டியில் சோறும் காய்கறிக் குழம்பும் கொண்டுவந்தார். நமக்கு இந்த நாளில் மாமிசம் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில், தன் தாயையும் இரண்டு வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். அப்படித்தான் என்றால் எப்படி என்று அம்மா விழித்தார். மக்சிக் ஜன்னலுக்கு வெளியே இருந்த துணிக்கொடியைக் காட்டினார். தினமும் விடியுமுன் அதே போர்வை. அதிலிருந்து சொட்டும் தண்ணீர் அவர் ஜன்னல் விளிம்பில்தான் விழும். என்னிடம் மெஷின் சத்தத்தைச் சொன்ன மறுநாளே எல்லாம் புரிந்துவிட்டதாம். அதனால்தான் மறுபடி அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் நடந்த வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் அவர் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அப்ப, நான் ராத்திரி ராத்திரியா அந்த மெஷின அமுக்கிப் புடிச்சதெல்லாம் யாருக்கு புள்ள?"